சின்னவனின் பல்

பல்லக்காவின் கையில் ஒரு பல்லைக் கொடுத்தால் போதும். அதன் சொந்தக்காரன் எவ்வளவு பெரியவன், என்ன தின்றான், தின்றதைக் கிழித்தானா நொறுக்கினானா என்று அவனுடைய பூர்வோத்தரம் முழுவதையும் எடுத்துவிட்டுவிடுவாள். சொந்தக்காரன் செத்துப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டதால் எழுந்து வந்து இல்லை என்று சொல்லமாட்டான். இந்தத் தொழிலில் உள்ள பெரிய வசதியே அதுதான். அந்த வசதியை நம்பித்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள். பிறர் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவளுடைய அனுபவம்.

அருங்காட்சியகத்தில் அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் குனிந்துதான் நிற்க வேண்டும். கதவில் 'ஊனுண்ணி டைனோசர்கள், பற்கள் பிரிவு' என்று பலகை. பிரிவு என்றால் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று நினைத்துத் தட்டுகிறவர்கள், உள்ளே ஒருத்தி மட்டும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சங்கடப்பட்டுக் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் நிஜமாகவே கழிவறையைத் தேடித்தான் வந்திருப்பார்கள்.

ஊன் தின்னும் டைனோசர்கள் நம்மைப் போல இரண்டு தடவையோடு பல் முளைப்பதை நிறுத்திக்கொண்டவை அல்ல. ஆயுள் முழுக்கப் பல்லை உதிர்த்துக்கொண்டும் முளைக்கவைத்துக்கொண்டும் இருந்தவை. அதனால் எலும்பு கிடைக்காத இடத்திலும் பல் கிடைக்கும். கிடைத்ததும் முதலில் வளைவைப் பார்க்க வேண்டும். பிறகு தடிமன். கத்தி மாதிரி மெலிந்திருந்தால் சதையை அறுத்தவன், வாழைப்பழம் மாதிரி தடித்திருந்தால் எலும்பை நொறுக்கியவன். கடைசியில் விளிம்பு. ரொட்டி அறுக்கும் கத்தியில் இருப்பது போல விளிம்பு நெடுகச் சின்னஞ்சிறு கூர்கள் இருக்கும். ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குள் அந்தக் கூர்கள் எத்தனை என்று எண்ணினால் எந்தக் குடும்பத்துப் பல் என்று ஓரளவு பிடித்துவிடலாம். அந்த 'ஓரளவு' என்ற சொல்லைப் பல்லக்கா கட்டுரைகளில் எழுதுவாள், பேசும்போது விட்டுவிடுவாள்.

மனிதர்களிடமும் அவளுக்கு இதே பழக்கம்தான். முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாயைப் பார்ப்பாள். முன்பல்லில் சந்து உள்ளவனுக்கு ரகசியம் தங்காது, கடைவாய் தேய்ந்தவன் எதையோ மறைக்கிறவன் என்று அவளிடம் ஒரு சாத்திரமே இருந்தது. அருங்காட்சியகத்தின் டைரக்டருக்கு மேலும் கீழும் பல் செட்டு. அதனால் அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த டைரக்டர்தான் புதுக் கூடத்தின் பெரிய சுவரைப் பற்றி முதலில் பேச்செடுத்தார். நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவர். ஏதாவது ஒரு பிரிவுக்கு அதைக் கொடுத்துவிடுவதாகவும், அதில் சுவர் உயரத்துக்கு ஓவியம் தீட்டி, அடியில் கண்ணாடிப் பெட்டியில் உண்மையான புதைபடிவத்தை வைப்பதாகவும் சொன்னார். போட்டிக்கு இரண்டே பேர். ஒன்று பல்லக்கா. இன்னொன்று பக்கத்து அறைச் சிப்பிக்காரர், கல்லாகிப்போன சிப்பிகளையும் சங்குகளையும் ஆராய்கிறவர், முன்பல்லில் சந்து உள்ளவர். அவரிடம் வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுருண்ட சங்கு ஒன்று இருந்தது. பல்லக்காவிடம் இருந்ததெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடிய சங்கதிகள். மாடிப்படிக்குக் கீழே இருந்து அந்தச் சுவருக்குப் போய்விட வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிடைக்காதபோது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்போதுதான் சின்னவன் வந்து சேர்ந்தான்.

கல்குவாரி முதலாளி ஒருவர் தன் குவாரியில் கிடைத்த பற்களை ஒரு மிட்டாய்ப் பெட்டியில் பஞ்சு வைத்துச் சேர்த்திருந்தார். ஒரே ஒரு நாளைக்கு இரவல் தந்தார். பல்லக்கா அன்று முழுக்க உட்கார்ந்து ரப்பர் பசையில் ஒவ்வொன்றுக்கும் அச்சு எடுத்தாள். மாலையில் முதலாளி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் அவளுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் படுத்திவிட்டது. திரும்பி வந்து, ஜன்னலோரம் காத்திருந்த அச்சுகளில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, காய்ந்ததும் உரித்து எடுத்துப் பார்த்தாள். பெரும்பாலானவை ஊரறிந்த ஒரு பெரிய மிருகத்தின் பற்கள். அதற்கு அவள் செல்லமாகப் பெரியவன் என்று பெயர் வைத்திருந்தாள். ஆனால் ஒன்று மட்டும் பெரியவனின் பல் போலவே வளைந்து, அவனுடையது போலவே மெலிந்து, அளவில் மட்டும் வெகுவாகச் சிறுத்திருந்தது.

குட்டியாக இருக்குமோ என்று யாரும் கேட்பார்கள். பல்லக்கா கேட்காமலா விடுவாள். குட்டியாக இருந்தால் பல் சிறுக்கும், ஆனால் விளிம்பில் உள்ள கூர்கள் அந்த அளவுக்குச் சிறுக்காது. இதிலோ கூர்களும் பல்லோடு சேர்ந்து அதே கணக்கில் சிறுத்திருந்தன. அப்படியானால் இது குட்டி அல்ல. வளர்ந்து முடிந்த, உருவத்தில் சிறிய, யாரும் இதுவரை பார்த்திராத வேட்டை மிருகம். இந்த இடத்தில் அவள் எழுந்து நின்றதும், கூரை தாழ்ந்த பக்கத்தில் நின்றதால் தலை இடித்ததும் உண்மை.

இன்னொரு விஷயமும் இருந்தது. பெரியவனின் மிக நல்ல பல்லில், நுனிக்குச் சற்றுக் கீழே பின்விளிம்பில் இரண்டு கூர்கள் உடைந்திருந்தன. சின்னவனின் பல்லிலும் அதே இடத்தில் இரண்டு கூர்கள் உடைந்திருந்தன. பல்லக்கா இதற்கு ஒரு முழுப் பக்கம் எழுதினாள். இரண்டு மிருகங்களும் இரையை ஒரே பக்கமாகத் திருகி இழுத்திருக்கின்றன, ஆகவே இரண்டும் ஒரே பழக்கம் உள்ள நெருங்கிய உறவு என்று நிறுவினாள். எழுதி முடித்ததும் தன் அறிவைக் கண்டு தனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்தப் பக்கத்தைத் தங்கையின் கிளினிக்குக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினாள். தங்கை பல் மருத்துவர். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள்.

"தூங்கிட்டியா?"

"இல்லக்கா. திருகி இழுத்துச்சு, அதானே. நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"உன் பேஷண்டுங்க தங்கமானவங்கன்னு நெனச்சேன். வாயத் திறன்னா திறந்தே வெச்சிருக்காங்க. என்ன சொன்னாலும் கேட்டுக்கறாங்க."

டைரக்டரும் கேட்டுக்கொண்டார். சுவர் பல்லக்காவுக்கு என்று முடிவானது. ஓவியர் சாரம் கட்டி ஏறி, சின்னவனின் உருவத்தைக் கரிக்கோடாக வரைந்தார். ஒரே ஒரு பல்லிலிருந்து வால்வரைக்கும் சொன்னவள் பல்லக்காதான். தோல் என்ன நிறம் என்று அவர் கேட்டபோதுகூட அவள் தெரியாது என்று சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தவிட்டு நிறம் என்றாள்.

இனி பாக்கி இருந்தது பெட்டியில் வைக்க அசல் பல் மட்டும்தான்.

கல்குவாரி முதலாளியின் அலுவலகம் அவருடைய வீட்டின் முன்னறை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி, அதற்குள் மிட்டாய்ப் பெட்டி. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வது அவருடைய மருமகள். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலாளி பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் பல்லக்காவின் முன்னால் வைத்தார்.

"நீங்க குடுத்த மாதிரியே இருக்கு மேடம். பஞ்சுகூட மாத்தல. எது வேணுமோ எடுத்துக்குங்க. என் பேரு போடுவீங்கல்ல?"

"பெரிய எழுத்துல போடுவோம் சார்."

பல்லக்கா பஞ்சை விலக்கினாள். பெரியவனின் பற்கள் இருந்தன. பஞ்சைப் புரட்டினாள். பெட்டியைக் கவிழ்த்து உதறினாள். சின்னவன் இல்லை.

"இன்னொண்ணு எங்க சார்?"

"எது இன்னொண்ணு?"

"சின்னது. சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும்."

"எல்லாமே இதுலதான் மேடம் கெடந்துச்சு. எத்தனைன்னு நீங்க எண்ணிப் பாக்கலியா?"

பல்லக்கா எண்ணவில்லை. ஒரு பல்லின் விளிம்பில் உள்ள கூர்களைக் கண்வலிக்க எண்ணுகிறவளுக்குப் பெட்டியில் எத்தனை பல் என்று எண்ணத் தோன்றவில்லை.

"நீங்க எண்ணலியா சார்?"

"லாரிய எண்ணுவேன். இதப் போயி யாரு எண்ணுனா?" முதலாளி சிரித்தார். கடைவாய்ப் பற்கள் மழமழவென்று தேய்ந்திருந்தன. பல்லைக் கடிக்கிறவன், எதையோ மறைக்கிறவன் என்று பல்லக்காவின் சாத்திரம் உடனே பேசியது. சிரிப்பு அடங்கியதும் அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, அலமாரியத் தொடச்சியா?"

"தொடச்சேன் மாமா."

"பெட்டியத் திறந்தியா?"

"தூசி போறதுக்குத் திறந்து தட்டினேன்."

மருமகள் எழுந்து வந்து, சேலையைச் செருகிக்கொண்டு, அலமாரிக்கு அடியில் குனிந்து துடைப்பக் குச்சியால் துழாவினாள். ஒரு பொத்தான் வந்தது. பேனா மூடி வந்தது. எப்போதோ தொலைந்த ஒற்றைத் தோடு வந்தது. பல் வரவில்லை.

"பரவால்ல, பரவால்ல," என்று பல்லக்கா சொன்னாள். அவள் அதைச் சொன்ன விதத்தில், பரவாயில்லை என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் அவளுடைய அறையையே புரட்டிப்போட்டார்கள். சிப்பிக்காரர் கேட்காமலே வந்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத சிப்பிகளைச் சலிக்கிற தன் சல்லடைகளை எடுத்துவந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூசி உறிஞ்சும் எந்திரத்தின் பையைக் கொட்டிச் சலித்தார்.

"பல்லக்கா, இது பல்லா பாருங்க."

"அது பட்டாணி."

"இது?"

"நகம்."

"யார் நகம்னும் சொல்லிருவீங்களே."

"என்னுதுதான். நீங்க ஏங்க இவ்ளோ கஷ்டப்படறீங்க? பல்லு கெடைக்கலன்னா சுவரு உங்களுக்குத்தானே."

சிப்பிக்காரர் தும்மிவிட்டு மூக்கைத் துடைத்தார். "நம்ம கட்டடத்துல ஒரு பொருள் காணாமப் போச்சுன்னா எனக்குத் தூக்கம் வராதுங்க. சுவரு எங்க போயிரப் போவுது."

அவர் வேண்டுமென்றே இவ்வளவு நல்லவராக நடிக்கிறாரோ, அவர்தான் எடுத்திருப்பாரோ என்று பல்லக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு அவருடைய முன்பல் சந்தைப் பார்த்தாள். எடுத்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பார் என்று சமாதானப்பட்டுக்கொண்டாள்.

டைரக்டர் வாசலில் நின்றபடியே தீர்ப்பைச் சொன்னார். அறை தாழ்வாக இருந்ததால் அவர் எப்போதும் உள்ளே வருவதில்லை. "அச்சு இருக்கில்ல? அத வெச்சிருவோம். அசல் பல் உரிமையாளரிடம் இருந்தபோது தொலைந்துவிட்டதுன்னு அட்டையில ஒரு வரி போட்டுரலாம். அவரும் ஒத்துக்கிட்டு நம்மகிட்ட வந்து சொல்லிட்டாப் போதும். சின்னவன் சுவத்துலயே இருப்பான்."

பல்லக்காவுக்கு நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது. ஆனால் தாடை மட்டும் விண்விண்ணென்று வலித்துக்கொண்டே இருந்தது. அன்று மாலை தங்கையின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள்.

தங்கை விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தாள். "கடவாயெல்லாம் தேஞ்சு போய்க் கெடக்கு. தூக்கத்துல பல்லக் கடிக்கறே நீ."

பல்லக்காவுக்குக் கல்குவாரி முதலாளியின் கடைவாய் நினைவுக்கு வந்தது. எதையோ மறைக்கிறவன். வாய் திறந்திருந்ததால் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.

"ராத்திரி மாட்டிக்க ஒரு உறை செஞ்சு தரேன். அசையாம இரு, அச்செடுக்கறேன்." தங்கை ஒரு டப்பாவிலிருந்து இளஞ்சிவப்புப் பொடியைக் கிண்ணத்தில் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, தட்டில் அப்பி அக்காவின் வாய்க்குள் அழுத்தினாள். இறுகியதும் வெடுக்கென்று எடுத்து உதவிக்கு நின்ற பெண்ணிடம் நீட்டினாள். "ஈரத் துணியில சுத்தி வெய்ம்மா. இப்பவே ஊத்தணும்."

பல்லக்கா வாயைக் கொப்பளித்தாள். "எதுக்கு ஈரத் துணி?"

"இந்தப் பொடியில பாதிக்கு மேல தண்ணிதான்க்கா. காஞ்சா சுருங்கிரும். இவ ஒரு தடவை ஒரு பெரியவரோட அச்ச ஜன்னல்ல வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டா. வந்து பாத்தா பொம்மைக்குப் பல்லு செட்டு செஞ்ச மாதிரி இருந்துச்சு. எல்லாம் அப்படியே இருக்கு, சின்னதா இருக்கு." உதவிப்பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கை கையுறையைக் கழற்றினாள். "ஆமா, உனக்கு ஒரு டப்பா குடுத்தேனே. பழசாகுது, சும்மா ட்ரை பண்ணிப் பாருன்னு. ட்ரை பண்ணியா?"

பல்லக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளஞ்சிவப்பு.

"என்னக்கா, ஈறு வலிக்குதா?"

"இல்ல," என்றாள் பல்லக்கா. அவளுக்கு அன்றைய சாயங்காலம் திரும்பி வந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாப் பல்லுக்கும் ரப்பர் அச்சு எடுத்து முடிந்திருந்தது. முதலாளி வர நேரம் இருந்தது. மேஜையில் தங்கை கொடுத்த டப்பா இருந்தது. இது எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று பெட்டியில் இருந்த மிக நல்ல பல்லை எடுத்து, பொடியைக் குழைத்து, இன்னொரு தடவை அழுத்தியவள் அவள்தான். அதை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் படுத்துக் கிடந்து, அடியோடு மறந்துபோய், மற்ற அச்சுகளோடு அதிலும் மாவு ஊற்றியவளும் அவள்தான்.

அருங்காட்சியகத்துக்கு ஓடி, இழுப்பறையைத் திறந்தாள். அடியில் வறட்டு ரொட்டி போல இறுகிப்போன இளஞ்சிவப்புக் கட்டி ஒன்று கிடந்தது. பெரியவனின் பல்லையும் சின்னவனின் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே வளைவு. நுனிக்குக் கீழே பின்விளிம்பில் அதே இரண்டு கூர்கள் உடைந்திருந்தன. ஒரே பல் இரண்டு தடவை. இரையைத் திருகி இழுத்ததாம். ஒரே பக்கமாகவாம். ஒரே பழக்கமாம். ஒரு முழுப் பக்கம் எழுதியதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கூர்களும் சேர்ந்து அதே கணக்கில் சிறுத்திருப்பதால் இது குட்டி அல்ல என்று கண்டுபிடித்தாளே, அது முற்றிலும் சரி. குட்டி அல்லதான். காய்ந்து சுருங்கிய அச்சு.

இல்லாத பல்லை ஒரு வீட்டு அலமாரிக்கு அடியில் தேடவைத்தாள். தூசிப் பையில் சலிக்கவைத்தாள். திருடர்கள் என்று இரண்டு பேரை மனதுக்குள் தீர்மானித்தாள். உலகத்திலேயே இல்லாத ஒரு பொருள் காணாமல் போனதற்குப் புகார் கொடுத்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இன்னொரு நினைப்பு வந்தது. அது சிரிப்பு வருகிற நினைப்பு அல்ல.

யாருக்கும் தெரியாது. அந்த இளஞ்சிவப்புக் கட்டியைக் குப்பையில் போட்டுவிட்டால், தங்கைக்கும் தெரியாது. அசல் தொலைந்துவிட்டது என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். அட்டையில் ஒரு வரி. சின்னவன் சுவரில் இருப்பான், தவிட்டு நிறத்தில். அவள் கட்டியைக் கையில் எடுத்து, குப்பைக்கூடையின் பக்கம் நீட்டி, மறுபடி இழுப்பறையில் போட்டாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டினாள். எதையாவது முடிவெடுக்கத் தைரியமில்லாதபோது பூட்டுவது அவள் வழக்கம்.

காலையில் கூடத்துக்குள் நுழைந்தபோது கல்குவாரி முதலாளி சாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். டைரக்டர் சொல்லி வந்திருந்தார். சிப்பிக்காரரும் இருந்தார். மேலே ஓவியர் சின்னவனின் கண்ணுக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், மன்னிச்சிருங்க," என்றார் முதலாளி. நேற்று முன்தினம் சிரித்த மனிதராக இல்லை. "தப்பு எங்க வீட்டுலதான். மருமக பெட்டியத் தட்டும்போது விழுந்திருக்கணும். பெருக்கி வெளிய கொட்டிட்டா. இல்லவே இல்லன்னு அடிச்சுப் பேசறா. எனக்குக் கோவம் வந்து அவகூடப் பேச்சையே நிறுத்திட்டேன். பையன் அவளுக்காகப் பேச வந்தான், அவனையும் ஒரு பிடி பிடிச்சேன். அட்டையில எங்க வீட்டுல தொலஞ்சதுன்னே போட்டுக்குங்க. நான் ஒத்துக்கறேன்."

டைரக்டர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பல்லக்கா சுவரை அண்ணாந்து பார்த்தாள். சின்னவனுக்கு ஒரு கண் வந்துவிட்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. சுவரும் பெரிய சுவர்தான். அலமாரிக்கு அடியில் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்த அந்தப் பெண்ணின் முதுகு அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்று 'பரவால்ல' என்று தான் சொன்ன குரலும் கூடவே வந்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்று படிக்குக் கீழே போய், திரும்பி வந்தாள். முதலாளியின் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அதில் இரண்டு மாவுப் பல்லையும் வைத்தாள்.

"இது பெரியவன். இது சின்னவன். உடைஞ்ச இடத்தப் பாருங்க."

முதலாளி கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி உடைஞ்சிருக்கே."

"ஒரே பல்லு சார். நான்தான் ரெண்டு தடவை அச்செடுத்தேன். ரெண்டாவது காஞ்சு சுருங்கிருச்சு. அந்தச் சுருங்கினதுக்கு நான் பேரு வெச்சு, வாலு வெச்சு, நிறம் வரைக்கும் சொல்லிட்டேன். உங்க பெட்டியில சின்னப் பல்லு எப்பவுமே இருந்ததில்ல."

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. சிப்பிக்காரர் இரண்டு பல்லையும் வாங்கிப் பார்த்தார். "அப்ப நான் சலிச்சது?"

"சும்மாதான் சலிச்சீங்க."

"பட்டாணி கெடச்சுதுல்ல," என்றார் அவர், சந்து தெரிய.

மேலேயிருந்து ஓவியர் குனிந்து கேட்டார். "அப்ப நான் இறங்கட்டுமா, இல்ல இன்னொரு கண்ணையும் போட்டுரட்டுமா?"

கல்குவாரி முதலாளி தன் கார்ச் சாவியை எடுத்தார். "மேடம், வண்டியில ஏறுங்க."

"எங்க சார்?"

"இத எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா. நான் பேசினாலே இப்ப பதில் வர்றதில்ல."

வழி முழுக்கப் பல்லக்கா மடியில் இரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தாள். கருத்தரங்குகளில் எத்தனையோ பேராசிரியர்கள் முன்னால் வாய் ஓயாமல் பேசியவளுக்கு அந்த முன்னறையில் நின்றபோது முதல் வார்த்தை வரவில்லை. மருமகள் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. பல்லக்கா சொன்னாள். முதலிலிருந்து, காய்ச்சல், பொடி, ஜன்னல், வெயில் எல்லாம். இடையில் முதலாளி தானும் ஏதோ சேர்க்கப் பார்த்தபோது மருமகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க இருங்க மாமா. அவங்க சொல்லட்டும்."

முதலாளி இருந்தார்.

சொல்லி முடித்ததும் மருமகள் சின்னவனை விரலிடுக்கில் எடுத்துப் பார்த்தாள். "அப்ப இப்படி ஒரு மிருகமே கெடயாதா?"

"கெடயாதும்மா."

"நீங்களே நெனச்சுக்கிட்டீங்க."

"ஆமா."

"நான் தூசி தட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

"ஒரு தப்பும் இல்ல. என் மேலதான் எல்லாம்."

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காருங்க," என்றாள் பல்லக்காவிடம். "டீ குடிச்சிட்டுப் போங்க. மாமா போடுவாரு."

முதலாளி உள்ளே போனார். டீயில் சர்க்கரையே இல்லை. இருவரும் அதைக் குறை சொல்லாமல் குடித்தார்கள்.

சுவர் சிப்பிக்காரருக்குப் போனது. சின்னவனின் ஒற்றைக் கண்ணின் மேல் வெள்ளை அடித்து, அதற்கு மேல் வண்டிச் சக்கரச் சங்கை வரைந்தார் ஓவியர். முதல் பூச்சு வெள்ளைக்குப் பிறகும் அந்தக் கண் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்ததாகவும், மூன்று பூச்சுக்குப் பிறகே அடங்கியதாகவும் சொன்னார். டைரக்டர் ஒரு மாதம் பல்லக்காவோடு பல் செட்டைக் காட்டாமலே பேசினார். தங்கை மட்டும் செய்தியைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்து, "உனக்கு இன்னொரு டப்பா வேணுமா?" என்றாள். வாயில் உறை மாட்டியிருந்ததால் பல்லக்காவால் திட்ட முடியவில்லை.

கூடம் திறப்பதற்கு முன்னால் சிப்பிக்காரர் ஒருநாள் அவள் அறைக்கு வந்தார். கையில் தட்டு அளவுக்கு ஒரு சங்கு. அதன் ஓட்டில் வரிசையாகச் சில குழிகள்.

"பல்லக்கா, சுவத்துக்குக் கீழ இத வெக்கலாம்னு இருக்கேன். எவனோ கடிச்சிருக்கான். எவன்னு நீங்க சொன்னா அட்டையில உங்க பேரும் வரும்."

பல்லக்காவுக்கு உடனே வாய் துறுதுறுத்தது. குழிகளின் இடைவெளி, ஆழம், வளைந்து போகிற வரிசை எல்லாம் கண்ணில் பட்டதுமே, நீளமான தாடை உள்ள ஒருவன் அவளுக்குள் எழுந்து நீந்தத் தொடங்கிவிட்டான். அவனுக்கு வால்கூட வந்துவிட்டது. நிறம் வருவதற்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது அசலா, அச்சா?"

"அசல்தான். கையில வாங்கிப் பாருங்க."

வாங்கிப் பார்த்தாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிப்பிக்காரர் வாசலில் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் பல்லு பட்ட குழிதானா?" என்று கடைசியில் கேட்டாள்.

"அதான் நான் உங்களக் கேக்கறேன்."

"தெரியல," என்றாள் பல்லக்கா. சொன்ன பிறகு, அந்த வார்த்தை தன் வாயில் எப்படி இருக்கிறது என்று நாக்கால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். "உக்காருங்க. உங்க சல்லடக் கண்ணால நீங்களும் பாருங்க. மொதல்ல குழி எத்தனன்னு எண்ணிருவோம்."